பிள்ளைகள் சாட்டைப்பாசி என்று பெயரிட்ட காடு

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு இல்லாத வாரங்களில் வடக்கே மெண்டசினோ பக்கம் போய்க் கடலுக்குள் இறங்குகிறேன். இந்த இரண்டையும் சேர்த்து இதுவரை உங்களிடம் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும் என்று சென்ற நவம்பரில் தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

நன்றி நவிலல் விடுமுறைக்கு ஏழு குடும்பங்கள் சேர்ந்து மெண்டசினோ போயிருந்தோம். பிக் ரிவர் ஆறு கடலில் சேரும் மணல்வெளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டோம். முந்தைய வாரம் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. கரையில் ஒரு பழுப்புக் கயிறு கிடந்தது. நீளம் ஏழெட்டு மீட்டர் இருக்கும். ஒரு முனை சுண்டுவிரல் தடிமன், மறுமுனையில் சுரைக்காய் போல ஒரு குமிழ், குமிழின் தலையில் கிழிந்த நாடாக்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றத் தொடங்கினார்கள். ஒரு தந்தை ஓடிவந்து, "சீ, கீழே போடு, ஒரே அழுக்கு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன பொருள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பக்கத்திலேயே இருந்த நானும் சொன்னதில்லை.

பையிலிருந்த கத்தியால் குமிழை நறுக்கிக் காட்டினேன். சுவர் விரல் தடிமன், தேங்காய் வழுக்கையின் வழவழப்பு. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் காற்று. அந்தப் பொள்ளல் தண்டுக்குள்ளும் நெடுந்தொலைவு இறங்குகிறது. மெல்லிய முனையை வெட்டிவிட்டு ஊதினால் கொம்பு போல ஒலிக்கும் என்றேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கன்னம் சிவக்க ஊதினாள். நாலாவது முயற்சியில் ஒலி எழுந்தது. மணல்வெளியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இதுக்குத் தமிழில் என்ன பேர் டீச்சர்?" என்று கேட்டாள்.

பெயர் இல்லை. இது வளரும் கடல் வேறு, நம் கடல் வேறு. ஆங்கிலத்தில் 'புல் கெல்ப்' என்கிறார்கள்; அந்தப் 'புல்' காளையைக் குறிப்பது, நம் புல் இல்லை. தாவரவியலில் நீரியோசிஸ்டிஸ் லூட்கியானா. நீரியோசிஸ்டிஸ் என்றால் கிரேக்கத்தில் கடற்கன்னியின் பை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசி 'சாட்டைப்பாசி' என்று பெயர் வைத்தார்கள். அதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. இந்த மடல் முழுவதும் அப்படியே எழுதுகிறேன்.

பாசி என்றதும் நம் நினைவுக்கு வருவது குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பச்சைதான். நான் பிறந்தது இராமநாதபுரம் கடற்கரையில். என் அத்தை பாம்பன் பக்கத்துத் தீவுகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மீதி நாளில் பாசி வளரட்டும் என்று. ஆகவே பாசி அழுக்கு என்ற எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பாசியை இந்த ஊருக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்.

2013ஆம் ஆண்டின் கோடையில், வான் டாம் பூங்காவின் குடாவில் முதன்முதலாக இறங்கினேன். மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பில் ஆயிரக்கணக்கான பழுப்புத் தலைகள் மிதந்தன. கீழே போனால் தோப்பு. தென்னந்தோப்பில் மாலை நேரத்தில் நடப்பது போன்ற வெளிச்சம்; தண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, அலை திரும்பியதும் எல்லாம் சேர்ந்து மறுபக்கம் சாய்ந்தன. தண்டுகளுக்கு நடுவே பாறைமீன் குஞ்சுகள் கூட்டமாக அசையாமல் நின்றன. பாறை இடுக்கில் சிவப்பு அபலோன் என்ற கடல் நத்தை, தட்டு அளவுக்கு. உலகத்து அபலோன்களில் இதுவே பெரியது. என் கையுறை பாறையில் பட்டதும் இறுக்கிக்கொண்டது.

இந்தப் பாசிக்கு ஆயுள் ஏறக்குறைய ஓராண்டுதான். பாறையில் கண்ணுக்குத் தெரியாத வித்தாகத் தொடங்கி, வசந்தத்தில் நல்ல நாட்களில் நாளுக்கு ஒரு சாண் அளவு வளர்ந்து, கோடைக்குள் மேற்பரப்பைத் தொட்டுவிடும். குமிழில் இருக்கும் காற்றுதான் இலைகளை வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்கிறது. அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கிறது என்பது வேதியியல் படித்த பெற்றோருக்கு வியப்பாக இருக்கும். அடியில் பாறையைக் கவ்வியிருப்பது வேர் மாதிரித் தெரியும், ஆனால் அது உணவு உறிஞ்சுவதில்லை. பிடித்துக்கொள்ள மட்டும். குளிர்காலப் புயல் அந்தப் பிடியை அறுக்கிறது. நவம்பரில் நாம் கரையில் மிதித்துப் போவது அந்த ஆண்டின் காட்டைத்தான்.

அது வித்திடும் முறையைச் சொன்னால்தான் பிறகு நேர்ந்தது புரியும். இலைகளில் கருத்த பட்டைகளாக வித்து திரள்கிறது. முற்றியதும் அந்தப் பட்டை முழுதாகக் கழன்று கீழே போய், பெரும்பாலும் தாய் நின்ற பாறைக்குப் பக்கத்திலேயே விழுந்து வித்தை விடுகிறது. தன் காலடியிலேயே தன் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் செடி இது. ஒரு குடாவில் காடு முற்றாக அழிந்தால், வேறு குடாவிலிருந்து வித்து வந்து சேர்வது எளிதில் நடப்பதில்லை.

உரம் எங்கிருந்து வருகிறது? வசந்தத்தில் வடமேற்குக் காற்று அடிக்கும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் நைட்ரேட்டைச் சுமந்துகொண்டு மேலேறுகிறது. ஜூலை மாதத்திலும் நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கடலில் கால் நனைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவருகிறோமே, அந்தக் குளிர்தான் இந்தக் காட்டின் சோறு.

நான் முதன்முதலாகப் பார்த்த அதே 2013இல்தான் நட்சத்திரமீன்களுக்கு நோய் கண்டது. அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை, கை கையாகக் கழன்று, உடல் கூழாகிச் செத்தன. அவற்றில் பெரியது சூரியகாந்தி நட்சத்திரமீன். 20க்கு மேற்பட்ட கைகள், மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போல ஒரு மீட்டர் அகலம். கலிபோர்னியாவில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2020இல் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025இல்தான் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த நட்சத்திரமீன் என்ன சாப்பிடும்? கடல் முள்ளெலியை. பந்து போல உருண்டு, உடல் முழுதும் ஊதா முள்ளாக இருக்குமே, அதை. மெண்டசினோவில் முள்ளெலியை அடக்கி வைக்க முன்பு இன்னொரு உயிரும் இருந்தது: கடல் நீர்நாய். நாம் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டும் ஃபோர்ட் ராஸ் கோட்டையை 1812இல் ரஷ்யர்கள் கட்டியதற்கு நீர்நாய்த் தோல் ஒரு முக்கியக் காரணம். அந்தக் கரையில் நீர்நாயை வேட்டையாடித் தீர்த்தார்கள். இன்றுவரை அது அங்கே திரும்பவில்லை. மாண்டெரேயில் நீங்கள் பார்ப்பது தெற்கே எஞ்சிய கூட்டத்தின் வழிவந்தவை. ஆக, வடகரையில் காவலுக்கு மிஞ்சியிருந்தது அந்த நட்சத்திரமீன் ஒன்றுதான். அதுவும் போயிற்று.

அடுத்த அடி 2014இல். வட பசிபிக்கில் வெந்நீர்த் திட்டு ஒன்று உருவாகிக் கரையோரம் பரவியது. 'பிளாப்' என்று பெயரிட்டார்கள். அது போவதற்குள் பசிபிக்கைச் சூடாக்கும் எல் நினோவும் வந்து சேர்ந்தது. 2016 வரை கடல் சூடாகவே இருந்தது. சூடான நீரில் நைட்ரேட் குறைவு. சாட்டைப்பாசி பட்டினியில் சுருங்கியது. அதுவரை முள்ளெலிகள் பாறை இடுக்குகளில் உட்கார்ந்தபடி, தம்மேல் மிதந்து வந்து விழும் பாசித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தன. துண்டு வருவது நின்றதும் இடுக்கை விட்டு வெளியே வந்தன. தடுக்க யாருமில்லை. எண்ணிக்கை 60 மடங்கு ஏறியது. நிற்கிற தண்டுகளின் அடியையே கடித்து அறுத்தன. வட கலிபோர்னியாவின் 350 கிலோமீட்டர் கரையில், 2014க்கு முன்பிருந்த சாட்டைப்பாசிக் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிற்று.

அபலோன்கள் இலைக்காகத் தண்டைப் பற்றி ஏறின. ஏற ஒன்றும் இல்லாதபோது பாறையிலிருந்து விழுந்தன. அலை ஓடுகளைக் கரையில் குவித்தது. மூச்சடக்கி முங்கி அபலோன் எடுப்பது அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். 2018இல் மாநிலம் அதை மூடியது. முங்குவோரை நம்பியிருந்த விடுதிகளும் கடைகளும் வருமானம் இழந்தன. காஷயா போமோ என்ற பழங்குடி மக்களுக்கு அபலோன் உணவு மட்டும் இல்லை, சடங்குகளோடும் அணிகலன்களோடும் சேர்ந்தது. அவர்கள் ஃபோர்ட் ராஸுக்கும் முன்பிருந்தே அந்தக் கரையில் வாழ்கிறவர்கள்.

2021இல் காஸ்பர் குடாவில் இறங்கியதைச் சொல்ல வேண்டும். அந்தக் குடாவில் ஊதா முள்ளெலியைக் கணக்கில்லாமல் எடுக்கலாம் என்று மாநில ஆணையம் 2020இல் அனுமதித்திருந்தது. ஐந்து மீட்டர் ஆழம். கீழே பாறை தெரியவில்லை. ஊதா முள், அதற்கடுத்து ஊதா முள், கண்ணுக்கு எட்டிய மட்டும். தண்டு ஒன்றுகூட இல்லை, மீன் ஒன்றுகூட இல்லை. தோப்பு நின்ற இடத்தில் வெளிச்சம் நேராக அடியில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் வலைப்பையில் பொறுக்கினோம். கரையில் வந்து ஒன்றைக் கத்தரித்துத் திறந்தேன். நன்றாகத் தின்ற முள்ளெலிக்குள் ஆரஞ்சுச் சுளை போல ஐந்து கீற்றுச் சினை இருக்கும். இதில் பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. பத்தைத் திறந்தேன், பத்தும் அப்படியே. இவை ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. பாறையில் புது முளை தலைகாட்டினால் அன்றே தின்றுவிடும். ஆகவே கடல் குளிர்ந்த பிறகும் காடு தானாகத் திரும்பவில்லை.

ஆனால் கைவைத்த இடத்தில் பலன் தெரிந்தது. உணவுக்காகப் பிடிக்கும் சிவப்பு முள்ளெலியின் பிடிப்பு படுத்துப்போனதால் வேலையிழந்த முங்குவோரைக் கூலிக்கு அமர்த்தி, நோயோ குடாவிலும் ஆல்பியன் குடாவிலும் ஊதா முள்ளெலிகளை அகற்றினார்கள். பணம் மாநிலத்துடையது, கணக்கெடுப்பு ரீஃப் செக் என்ற கடல் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்களுடையது. சதுர மீட்டருக்கு இரண்டுக்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு. குளிர்நீர் நன்றாக மேலேறிய 2021இல் அங்கே சாட்டைப்பாசி திட்டுத் திட்டாக முளைத்தது. 2024 பிப்ரவரியில் சான் டியேகோவின் பிர்ச் அக்வாரியத்தில் சூரியகாந்தி நட்சத்திரமீன்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அந்தக் குஞ்சுகளில் சில நம் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அறிவியல் அகாடமியில் வளர்ந்தன. உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு மாதம் தவறாமல் அங்கே போகிற குடும்பங்கள் நம்மில் எத்தனை!

இனி உங்களிடம் நான் கேட்பது.

நெய்தல் பாடம் நடத்துகிறோம். புன்னையும் தாழையும் வருகின்றன. பரதவரும் உப்பளமும் வருகின்றன. நடத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாழையைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் காலடி வைத்த நெய்தல் மெண்டசினோவும் பொடேகா குடாவும் ஹாஃப் மூன் பேயும்தான். நிலத்தையும் நீரையும் அதில் வாழ்கிற உயிரையும் பெயர் சொல்லி அறிவதுதான் திணை என்று நாமே கற்பிக்கிறோம். அப்படியானால் இந்தக் கரையின் கருப்பொருளை அவர்களுக்குச் சொல்லாமல் விடுவது எப்படிச் சரி? நெய்தல் பாடத்தோடு ஒரு வகுப்பு சேருங்கள். சாட்டைப்பாசி, ஊதா முள்ளெலி, சூரியகாந்தி நட்சத்திரமீன், அபலோன், நீர்நாய். ஐந்து உயிர், ஒரு கதை. பாடக் குறிப்பை நான் எழுதித் தருகிறேன்.

வகுப்பறையிலேயே காட்டுவதற்கும் வழி இருக்கிறது. கெல்ப்வாட்ச் என்ற இணையதளத்தில் 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கொண்டு, நீர்ப்பரப்பில் மிதந்த காட்டின் அளவை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மெண்டசினோ கரையைத் தேர்ந்தெடுத்து 2008ஐப் பாருங்கள், பிறகு 2015ஐப் பாருங்கள். நம் வீடுகளில் தரவைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் பாதிப்பேர். ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து இந்த வரைபடத்தைப் படியுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

அடுத்தது, பேசுவது. அபலோன், முள்ளெலி, கடற்பாசி எடுப்பு எல்லாவற்றுக்கும் விதி செய்வது ஃபிஷ் அண்ட் கேம் கமிஷன் என்ற மாநில ஆணையம். ஆளுநர் நியமிக்கும் ஐந்து உறுப்பினர்கள். அதன் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடம் பேசலாம், கடிதமும் எழுதலாம். குடியுரிமை கேட்பதில்லை. விசாவில் இருக்கிறோம், நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த அச்சத்துக்கு இங்கே இடமில்லை. இந்தக் கடல் பற்றிய கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். முங்குவோர் பேசுகிறார்கள், பழங்குடி மக்கள் பேசுகிறார்கள், விஞ்ஞானிகள் பேசுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் கரைக்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு வரும் நம் குரல் கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்வது இவ்வளவுதான்: காடு திரும்பும்வரை அபலோனை விட்டுவையுங்கள், சாட்டைப்பாசியை வணிகத்துக்கு அறுக்க விடாதீர்கள், முள்ளெலி அகற்றும் வேலைக்கும் நட்சத்திரமீன் வளர்ப்புக்கும் இடையில் நிறுத்தாமல் பணம் ஒதுக்குங்கள். முள்ளெலியை அகற்றுவதால் மட்டும் கடல் குளிர்ந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த வெந்நீர் வரும். அது வரும்போது வித்திடுவதற்குச் சில குடாக்களிலாவது தாய்ச்செடி நிற்க வேண்டும்.

கரைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பாறைக் குழிகளில் இருப்பதைப் பிடுங்காதீர்கள், குழம்புக்காகவும் வேண்டாம், பிள்ளையின் வாளிக்காகவும் வேண்டாம். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். கரையில் ஒதுங்கிய சாட்டைப்பாசியைப் பிள்ளைகள் தொடட்டும், ஊதட்டும். பிறகு அதை அங்கேயே விட்டுவிடுங்கள், மணற்பூச்சிகளுக்கும் அவற்றைத் தின்னும் பறவைகளுக்கும் அதுதான் தீனி. குளிர்காலத்தில் ஒருபோதும் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். அந்தக் கரையில் திடீரென்று எழும் பேரலை ஆளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

வசந்தத்தில் அங்கே பெரிய வற்று, அதாவது கடல் வெகுவாக உள்வாங்கும் நேரம், விடியற்காலையில் வருகிறது. வரும் மே மாதத்தில் அப்படி ஒரு சனிக்கிழமையைப் பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளி இரவே ஃபோர்ட் பிராகில் தங்கிவிட்டு, ஐந்தரை மணிக்கு வான் டாம் குடாவில் இருக்க வேண்டும். வழுக்காத செருப்பு, தடித்த மேலாடை, பிள்ளைக்கு மாற்றுத் துணி. அந்த நேரத்தில் முளைகள் மேற்பரப்பை எட்டியிருக்காது; ஆனால் நீர் தெளிவாக இருந்தால், கரைப்பாறையிலிருந்தே அடியில் முழ நீளத்துக்கு நிற்கும் இளம் தண்டுகள் தெரியும், இந்த ஆண்டு முளைத்திருந்தால். கொம்பு ஊதிய பெண் வருவதாகச் சொல்லிவிட்டாள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் போதும், கிளம்பிவிடலாம். பள்ளி அலுவலக மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், பெயர் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை